மதுரைச் சமவெளி வீட்டுத் தோட்டத்தில் நாட்டுத் தாவரங்கள்: பெயர், திணை, விதை என்னும் மூன்று அளவுகோல்கள்

ஆய்வுச்சுருக்கம்

நாட்டு மரங்களையும் செடிகொடிகளையும் வீட்டில் வளர்க்க வேண்டும் என்னும் விருப்பம் நகரவாழ் தமிழரிடையே பரவி வருகின்றது. ஆயினும் ஒரு தாவரத்திற்குத் தமிழ்ப் பெயர் இருப்பதே அது அந்நிலத்திற்கு உரியது என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. ஒரே பெயர் பல தாவரங்களுக்கு வழங்குவதும், மலைக்குரிய மரம் சமவெளியில் நடப்படுவதும், விதை தராத வகைகள் நாட்டுச் செடிகளாக விற்கப்படுவதும் இதன் விளைவுகளாகும். மதுரை மாநகரின் வடபகுதியில் உள்ள ஆனையூரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் களமாகக் கொண்டு, வீட்டுத் தோட்டத்திற்கான தாவரத் தேர்வில் பெயர், திணை, விதை என்னும் மூன்று அளவுகோல்களின் தேவையை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: நாட்டுத் தாவரம், மதுரை, ஆனையூர், கொன்றை, கடம்பு, முல்லைத்திணை, வீட்டுத் தோட்டம்

முன்னுரை

தமிழ் இலக்கியத் தாவரங்கள் குறித்த ஆய்வு நீண்ட மரபுடையது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் இடம்பெறும் 99 மலர்களின் பட்டியல் அதற்கு முதன்மையான தூண்டுதலாக அமைந்தது. பி.எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’, கு. சீநிவாசனின் ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ ஆகிய நூல்கள் இலக்கியப் பெயர்களைத் தாவரவியல் பெயர்களோடு இணைக்க முயன்றவற்றுள் குறிப்பிடத்தக்கவை. மற்றொரு புறம், கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரத் தொகுப்பும், திருச்சிராப்பள்ளி ராபினட் தாவரகத்திலிருந்து கே.எம். மத்தியூ 1980களில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளித் தாவரத் தொகுப்பும் நிலத்தில் உள்ள தாவரங்களை நேரடியாகப் பதிவு செய்தன.

இவ்விரு மரபுகளும் சந்திக்க வேண்டிய இடங்களுள் ஒன்று வீட்டுத் தோட்டம். எந்தச் செடியை எங்கு நடுவது என்னும் எளிய வினாவிற்கு இலக்கியப் பட்டியல் மட்டுமோ தாவரவியல் பட்டியல் மட்டுமோ முழுமையான விடை தருவதில்லை. ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியில் மனிதரால் கொண்டுவரப்படாமல் தோன்றி, அந்நிலத்தின் மழை, மண், பூச்சி, பறவை ஆகியவற்றோடு இயைந்து இனம்பெருக்கி வருவதே இக்கட்டுரையில் நாட்டுத் தாவரம் எனக் கொள்ளப்படுகின்றது.

ஆனையூரின் நிலமும் நீரும்

வைகையின் வடகரைப் பகுதியில் அமைந்த ஆனையூர், தனி நகராட்சியாக இருந்து, மதுரை மாநகராட்சி 72 வட்டங்களிலிருந்து 100 வட்டங்களாக விரிவடைந்த 2011ஆம் ஆண்டில் அதனுடன் இணைக்கப்பட்டது. வயலும் கண்மாயும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த மதுரையின் புறப்பகுதிகள் மனைப்பிரிவுகளாக மாறியதன் எடுத்துக்காட்டாக இப்பகுதியைக் கொள்ளலாம்.

மதுரையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். இதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கின்றது. மாசி முதல் ஆனி வரை நீளும் வறட்சியும் வெயிலும் இந்நிலத்தின் தாவரங்களை வடிவமைத்துள்ளன. கோடையில் இலை உதிர்த்தல், சிற்றிலை, முள், தடித்த இலைத்தோல், கிழங்கு ஆகிய பண்புகள் இங்குள்ள தாவரங்களில் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

மனையின் அளவும் கருதத்தக்கது. மூன்று சென்ட் மனை என்பது ஏறத்தாழ 1,307 சதுர அடி. வீடு கட்டிய பின் எஞ்சுவது சில நூறு சதுர அடியே. அதுவும் பெரும்பாலும் கட்டடக் கழிவு கலந்த மண். எனவே ஆல், அரசு, இலுப்பை போன்ற பெருமரங்கள் நாட்டு மரங்களாயினும் இத்தகைய மனைக்குப் பொருந்தா. அவற்றின் இடம் கண்மாய்க் கரை, கோயில் வளாகம், பள்ளித் திடல் போன்ற பொதுவெளிகளே.

ஊர்ப்பெயர்ச் சான்றும் அதன் எல்லையும்

ஒரு நிலத்தின் பழைய தாவரங்களை அறிய ஊர்ப்பெயர்கள் துணைசெய்கின்றன. மதுரை வட்டாரத்தில் உசிலம்பட்டி உசிலையையும், இலுப்பைக்குடி இலுப்பையையும், இலந்தைக்குளம் இலந்தையையும், பனையூர் பனையையும் நினைவூட்டுகின்றன. உசிலை, அல்பீசியா அமரா எனத் தாவரவியலில் குறிக்கப்படும் வறள்நில மரம். இதன் இலைப்பொடியே தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் அரப்பு. இம்மரம் இன்றும் மதுரையைச் சூழ்ந்த கரடுகளில் இயல்பாக வளர்கின்றது. இங்கு ஊர்ப்பெயரும் நிலச்சான்றும் ஒத்துப்போகின்றன.

ஆயினும் ஊர்ப்பெயர் தனித்து நிற்கும் சான்றாகாது. மதுரைக்கு அருகில் புளியங்குளம் என்னும் பெயர் வழங்குகின்றது. ஆனால் புளியமரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்பது தாவரவியலாளர் கருத்து. தமிழர் உணவிலும் ஊர்ப்பெயரிலும் ஆழமாக வேரூன்றியிருப்பினும் அது வந்து நிலைத்த மரமே. இதனால் புளியின் மதிப்புக் குறைவதில்லை. பண்பாட்டில் பழமையானது என்பதும் நிலத்திற்கு இயல்பானது என்பதும் வேறு வேறு செய்திகள் என்பதே இங்கு உணரத்தக்கது.

முதல் அளவுகோல்: பெயர்

தமிழ்ப் பெயர் ஒன்றைக் கூறி நாற்றுப் பண்ணையில் செடி கேட்பவர் எதிர்கொள்ளும் சிக்கலைக் கொன்றை தெளிவாகக் காட்டுகின்றது. இலக்கியத்தில் சிவனுக்குரிய பொன்னிற மலராகவும் முல்லை நிலத்தின் அடையாளமாகவும் வரும் கொன்றை, சரக்கொன்றை எனப்படும் காசியா ஃபிஸ்டுலா என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. இது இந்தியத் துணைக்கண்டத்தின் வறண்ட காடுகளுக்கு உரியது. ஆனால் கொன்றை என்னும் பெயரோடு வேறு பல தாவரங்களும் வழங்குகின்றன. சாலையோரங்களில் நடப்பட்ட மஞ்சள்கொன்றை எனப்படும் சென்னா சயாமியா தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. வேலியோரங்களில் காணப்படும் மயில்கொன்றை வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. நீலகிரியின் காடுகளில் பரவி நாட்டுத் தாவரங்களை நெருக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரமும் மஞ்சள்கொன்றை என்றே அழைக்கப்படுகின்றது. கொன்றை நட விரும்பியவர் வீட்டில் ஊடுருவும் அயல் மரம் ஒன்று வளர்வதற்கு இப்பெயர் மயக்கமே போதும்.

வேறுபடுத்தி அறிதல் கடினமன்று. சரக்கொன்றையின் பூங்கொத்து சரம்போலக் கீழ்நோக்கித் தொங்கும். காய் உருண்டு நீண்டு, முழங்கை அளவிற்கும் மேலாக வளரும், முற்றியபின் கருமை நிறம் பெறும். சென்னா சயாமியாவின் பூங்கொத்து கிளைநுனியில் நிமிர்ந்து நிற்கும். அதன் காய் தட்டையானது.

கடம்பின் நிலை இதனினும் சிக்கலானது. மதுரைக்குக் கடம்பவனம் என்னும் பெயர் உண்டு. கடம்பங்காட்டை அழித்து நகர் அமைத்த செய்தியைப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறுகின்றது. மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் தலமரமும் கடம்பே. இக்காரணங்களால் மதுரையில் கடம்பு நடுவது பண்பாட்டுக் கடமையாகவே கருதப்படுகின்றது. நாற்றுப் பண்ணைகளில் இப்பெயரில் பெரும்பாலும் கிடைப்பது நியோலமார்க்கியா கடம்பா என்னும் மரம். ஏறத்தாழ ஒரு சாண் அளவிலிருந்து அதனினும் நீண்டு வளரும் அகன்ற இலைகளும், பந்து போன்ற பெரிய பூந்தலைகளும் கொண்ட இம்மரம் விரைந்து வளரும். 20 மீட்டருக்கும் மேல் உயரும். அது பொதுவாக ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழைபெறும் ஈரக்காடுகளுக்கு உரியது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மித்ரகைனா பார்விஃபோலியா, நீர்க்கடம்பு அல்லது சின்னக் கடம்பு எனப்படுகின்றது. அதன் இலையும் பூந்தலையும் சிறியவை. வறண்ட சமவெளியிலும் நீர் தேங்கும் தாழ்நிலங்களில் இலையுதிர் மரமாக வளரக்கூடியது. மூன்றாவதாக, செங்கடம்பு எனப்படும் பாரிங்டோனியா அக்யூட்டாங்குலா முற்றிலும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. செந்நிறப் பூக்கள் நீண்ட சரங்களாகத் தொங்கும் நீர்க்கரை மரம் அது. இலக்கியத்தில் வரும் கடம்பு, மரா ஆகிய சொற்கள் இவற்றுள் எவற்றைச் சுட்டுகின்றன என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு நிலவுகின்றது. உரையாசிரியர் மராவை வெண்கடம்பு எனக் கொள்வர்.

இச்சிக்கல் முழுமையாகத் தீராவிடினும் தோட்டத்திற்கான முடிவு தெளிவானது. நீர்க்கடம்பும் செங்கடம்பும் மதுரைச் சமவெளியின் கண்மாய்க் கரைகளுக்குப் பொருந்துவன. நியோலமார்க்கியா கடம்பா தொடர்ந்து நீர் கிடைக்கும் பெரிய வளாகங்களில் மட்டுமே நிலைக்கக்கூடியது. மூன்று சென்ட் மனைக்கு இம்மூன்றுமே உரியன அல்ல.

தாவரவியல் பெயர்களும் மாறுவன என்பது உண்மையே. முன்பு காசியா ஆரிகுலேட்டா எனப்பட்ட ஆவாரை இன்று சென்னா ஆரிகுலேட்டா என வழங்குகின்றது. ஆயினும் அத்தகைய மாற்றங்கள் பதிவு செய்யப்படுகின்றன. பழைய பெயரிலிருந்து புதிய பெயரைத் தேடி அடைய இயலும். வழக்குப் பெயர்களுக்கு அத்தகைய பதிவு இல்லை. ஆகவே தமிழ்ப் பெயரோடு தாவரவியல் பெயரையும் தமிழிலேயே எழுதி நாற்றுப் பையில் ஒட்டுவது பண்ணையாளரும் வாங்குவோரும் ஒருங்கே பயன்பெறும் நடைமுறையாகும்.

இரண்டாம் அளவுகோல்: திணை

சரியான பெயருடைய நாட்டுத் தாவரமும் தவறான இடத்தில் நடப்படின் நிலைக்காது. இங்குத் திணைக் கோட்பாடு வழிகாட்டுகின்றது. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலை அப்படியே நடவுப் பட்டியலாகக் கொள்வது பொருந்தாது. அப்பாடலின் களம் மலைநிலம். வேங்கை மலைச்சரிவிற்குரிய மரம். தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக 2019இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் மலைக்காடுகளைச் சார்ந்தது. ஆனையூர்த் தோட்டம் அதனை வரவேற்க இயலாது.

மதுரைச் சமவெளியின் நீர்ப்பாங்கான பகுதி மருதமாகவும், கண்மாய் நீர் எட்டாத மேட்டுநிலம் முல்லையாகவும் அமைகின்றது. வீட்டு மனையின் வறண்ட மண்ணிற்கு முல்லைத்திணைத் தாவரங்களே பெரிதும் இயைகின்றன. கொன்றை, காயா, குருந்து, முல்லை என இலக்கியம் ஒருங்கே கூறும் தொகுதி வறண்ட புதர்க்காட்டின் தாவரத் தொகுதியோடு பொருந்துவது நோக்கத்தக்கது. எனினும் இலக்கியத்தை நாட்காட்டியாகக் கொள்வதில் கவனம் தேவை. முல்லைப் பாடல்கள் கொன்றைப் பூப்பைக் கார்காலத்தோடு இணைக்கின்றன. பருவமல்லாக் காலத்து மழையைக் காரென மயங்கிக் கொன்றை பூத்தது எனத் தோழி கூறுவதாகக் குறுந்தொகை 66ஆம் பாடல் அமைகின்றது. ஆனால் இன்றைய சமவெளியில் சரக்கொன்றை மிகுதியாகப் பூப்பது சித்திரை, வைகாசி மாதங்களிலேயே.

மனையின் ஒவ்வொரு பகுதிக்கும் பொருந்துவனவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

மரங்கள்: ஒரு மனைக்கு ஒரு மரம் போதுமானது. சரக்கொன்றை, வெப்பாலை, ஆத்தி ஆகியவை நடுத்தர அல்லது சிறிய அளவில் வளர்பவை. ரைட்டியா டிங்டோரியா எனப்படும் வெப்பாலை கோடையில் வெண்ணிறப் பூக்களைத் தருவது. பாகினியா ரசிமோசா எனப்படும் ஆத்தி, சோழர் குடிப்பூவாக அறியப்படுவது. கோணலாக வளரும் சிறு மரமாதலின் ஒடுங்கிய இடத்திற்கும் ஏற்றது. இம்மூன்றும் இலையுதிர் இயல்பின. வறட்சியில் அவை இலை உதிர்ப்பது பட்டுப்போவதற்கான அறிகுறியன்று என்பதை வளர்ப்போர் அறிந்திருத்தல் வேண்டும்.

வேலியும் சுவரோரமும்: ஆவாரை, நொச்சி, குருந்து, காயா ஆகிய புதர்ச்செடிகள் இங்குப் பொருந்துவன. தென்னிந்தியா, இலங்கை ஆகியவற்றின் வறள்நிலத்திற்குரிய ஆவாரை, மிகக் குறைந்த நீரில் ஆண்டின் பெரும்பகுதி பூப்பது. பொங்கலுக்கு முன் வீட்டு வாசலில் காப்புக் கட்டும்போது வேப்பிலை, சிறுபூளை ஆகியவற்றோடு ஆவாரம்பூ இடம்பெறுவது வழக்கம். நகரில் அப்பூவை விலைக்கு வாங்கும் நிலை ஏற்பட்டுவிட்டது. நொச்சியைத் தண்டு நட்டு வளர்க்கலாம். அடிக்கடி கவாத்து செய்தால் அடர்ந்த வேலியாகும். காயா மெல்ல வளர்வது. நீலப்பூ ஓரிரு ஆண்டுகளில் கிடைத்துவிடும் என எதிர்பார்க்கலாகாது.

கொடிகள்: மதுரைப் பூச்சந்தையில் முல்லை என விற்கப்படும் ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம் தென்னிந்தியாவிற்குரியது. காட்டுமல்லிகை எனப்படும் ஜாஸ்மினம் அங்குஸ்டிஃபோலியம் வறண்ட புதர்க்காடுகளில் இயல்பாகப் படர்வது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, ஜாஸ்மினம் சம்பாக் என்னும் பயிரிடப்படும் இனத்தைச் சேர்ந்தது. மதுரையின் புகழ் அதனோடு பிணைந்திருப்பினும், உழவரின் கைவண்ணத்தில் உருவான பயிராகவே அதனைக் கருத வேண்டும். மாநில மலரான செங்காந்தளும் சமவெளிப் புதர்களில் வளரும் கொடியே. ஆனால் அதன் எல்லாப் பகுதிகளும், சிறப்பாகக் கிழங்கு, நஞ்சுடையன. குழந்தைகளும் கால்நடைகளும் உள்ள வீட்டில் அதனைத் தவிர்ப்பதே நன்று.

நிலப்பூக்கள்: தும்பை, சிறுபூளை, விஷ்ணுகிரந்தி ஆகியவை மழைக்குப்பின் தாமாகவே முளைப்பவை. இவற்றைக் களை எனக் கருதிப் பறிக்காமல் விட்டாலே தோட்டம் அமைந்துவிடும். மனை முழுவதும் சிமென்ட் தளமிடும் வழக்கமே இவற்றின் முதன்மை எதிரி.

மூன்றாம் அளவுகோல்: விதை

நாட்டுத் தாவரம் என்பதன் பொருள் அதன் இனப்பெருக்கத்தில் நிறைவு பெறுகின்றது. பூச்சி வந்து, காய் பிடித்து, விதை முளைத்து, அடுத்த தலைமுறை தோன்றும்போதே அச்செடி நிலத்தோடு உறவுடையதாகின்றது. கனகாம்பரத்தை எடுத்துக்கொண்டால், அது தென்னிந்தியாவிற்கும் இலங்கைக்கும் உரிய செடி. ஆனால் சந்தையில் புகழ்பெற்ற டெல்லி கனகாம்பரம் மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்ட வகையாதலின் விதை பிடிப்பதில்லை. தண்டு நட்டே பெருக்கப்படுகின்றது. மாலை தொடுப்பதற்கு அது சிறந்ததாகலாம். தோட்டத்தில் தானே பரவும் செடியாக அது அமையாது. அவ்வாறே, அடுக்குச் செம்பருத்தி போன்ற வகைகளில் மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறிவிடுவதால் பூச்சிகளுக்கு மகரந்தம் குறைவாகவே கிடைக்கின்றது.

பட்டாம்பூச்சிகளின் வாழ்க்கை இவ்வுறவைத் தெளிவாக்கும். தேன் பல பூக்களில் கிடைப்பினும் புழுக்கள் குறிப்பிட்ட செடிகளின் இலைகளையே உண்கின்றன. சரக்கொன்றை இலையில் கொன்னை வெள்ளையனும், எருக்கில் வெந்தய வரியனும், கறிவேப்பிலை, குருந்து உள்ளிட்ட எலுமிச்சைக் குடும்பத் தாவரங்களில் அழகிகள் எனப்படும் பட்டாம்பூச்சிகள் சிலவும் முட்டையிடுகின்றன. ரோசா அழகிக்கு ஆடுதின்னாப்பாளை வேண்டும். இச்செடி மருந்தெனக் கூறப்படினும் சிறுநீரகத்திற்குத் தீங்கு செய்யும் வேதிப்பொருள் உடையதாதலின் பூச்சிகளுக்காக மட்டுமே வளர்க்கத்தக்கது. இலை தின்னப்பட்ட செடியைக் கண்டு மருந்து தெளிப்பவர் தாம் வரவேற்க விரும்பிய உயிரையே அழிக்கின்றார்.

விதையின் இயல்பறிந்து நடுவதும் இன்றியமையாதது. சரக்கொன்றை, ஆவாரை ஆகியவற்றின் விதைகள் கடினமான தோலுடையன. சொரசொரப்பான பரப்பில் தேய்த்தோ வெந்நீரில் இட்டு ஊறவைத்தோ விதைத்தால் முளைப்பு மேம்படும். வேம்பு, இலுப்பை ஆகியவற்றின் விதைகள் சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழப்பதால் பழம் உதிர்ந்தவுடன் விதைக்கப்பட வேண்டும். ஆடிப்பட்டத்தில் பைகளில் விதைத்து, ஐப்பசி மழை தொடங்கியபின் நிலத்தில் நட்டால், அடுத்த கோடைக்குள் வேர் ஆழமாக இறங்க வாய்ப்புண்டு. முதல் இரண்டு கோடைகளுக்கு நீர் ஊற்றுதல் வேண்டும். நாட்டுத் தாவரம் நீரின்றி வளரும் என்னும் கருத்து வேரூன்றிய செடிக்கே பொருந்தும்.

மூலக்காடுகளின் பாதுகாப்பு

இத்தாவரங்களின் மூலம் எங்குள்ளது என்னும் வினா இறுதியாக எழுகின்றது. மதுரையில் அழகர்மலை, நாகமலை ஆகியவற்றின் சரிவுகளும், கோயிற்காடுகளும், கண்மாய்க் கரைகளும் அவற்றின் இருப்பிடங்கள். மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டி, 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அண்டையிலுள்ள மீனாட்சிபுரத்தையும் உள்ளடக்கிய அதன் பரப்பு ஏறத்தாழ 193 ஹெக்டேர். அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்திற்கு எதிராக மக்கள் போராடியதும், 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை ஒன்றிய அரசு நீக்கியதும் அண்மைய வரலாறு.

வீட்டுத் தோட்டம் அத்தகைய நிலங்களுக்கு மாற்றாகாது. மேலும், நாட்டுச் செடிகளுக்கான விருப்பமே அவற்றிற்குத் தீங்காகவும் மாறக்கூடும். காட்டிலிருந்து செடியை வேரோடு பெயர்த்து எடுப்பதும், செங்காந்தள் கிழங்கைத் தோண்டுவதும், தோட்டம் ஒன்றை வளர்க்க மூல நிலத்தை வறிதாக்கும் செயல்கள். சாலையோர மரங்கள், பள்ளி, கல்லூரி வளாகங்கள், உரிமையாளர் இசைவுடன் கூடிய தனியார் தோட்டங்கள் ஆகியவற்றிலிருந்து விதை சேகரிப்பதே முறையானது. கல்லூரிகளின் தமிழ்த் துறையும் தாவரவியல் துறையும் இணைந்து, பெயர் உறுதி செய்யப்பட்ட தாய்மரங்களை அடையாளமிட்டால், விதையோடு பெயரும் பிழையின்றிப் பரவும்.

முடிவுரை

மதுரைச் சமவெளியின் வீட்டுத் தோட்டத்திற்கு நாட்டுத் தாவரத்தைத் தேர்வதில் தமிழ்ப் பெயர் தொடக்கமாகலாம், முடிவாகாது. கொன்றை, கடம்பு ஆகியவை ஒரே பெயரில் வெவ்வேறு நிலத்து மரங்கள் மறைந்திருப்பதைக் காட்டுகின்றன. புளி, பழமை வேறு, மண்ணுக்கு இயல்பானது வேறு என்பதைக் காட்டுகின்றது. திணைக் கோட்பாடு மனையின் மண்ணையும் நீரையும் முதலில் நோக்கப் பணிக்கின்றது. அவ்வகையில் முல்லைத்திணையின் கொன்றை, காயா, குருந்து, முல்லை ஆகியனவும், அவற்றோடு ஆவாரை, நொச்சி, வெப்பாலை, ஆத்தி ஆகியனவும் ஆனையூர் போன்ற பகுதிகளுக்கு ஏற்றவை. இவ்விரு அளவுகோல்களையும் கடந்த செடி விதை தரவும் வேண்டும். கடம்பவனம் என்னும் பெயரை மதிக்க விரும்பும் நகரம் ஒவ்வொரு மனையிலும் கடம்பு நட வேண்டியதில்லை. கண்மாய்க் கரைகளில் நீர்க்கடம்பிற்கு இடம் விட்டு, வீட்டு வேலியில் ஆவாரைக்கு ஓரடி மண் விடுவதே அப்பெயருக்குப் பொருந்தும் செயலாகும்.